விடியற்காலையில் திறந்த கதவு



மைசூர் நகரில் லட்சுமிபுரம் என்றொரு பகுதி இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில், அங்கே ஒரு சாதாரண வீட்டின் படிக்கட்டில், சூரியன் உதிப்பதற்கு நெடுநேரம் முன்னதாகவே ஆண்களும் பெண்களும் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். ஒருவர் ஜெர்மனியர், ஒருவர் அமெரிக்கர், அடுத்தவர் உள்ளூர்க்காரர். எவரும் பேசுவதில்லை. உள்ளே இருக்கும் கூடத்தில் ஒரே வேளையில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். ஒருவர் பயிற்சியை முடித்து எழும்பியதும் உள்ளிருந்து ஒரு குரல் வரும். அடுத்தவர் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போவார். அந்த வீட்டுக் கடிகாரம்கூட ஊர்க் கடிகாரத்தை விடக் கால்மணி நேரம் முந்தியே ஓடுமாம்.

கூடத்தில் விரிவுரை கிடையாது. அவரவர் தமக்குக் கற்பிக்கப்பட்ட வரிசையில், தமது மூச்சின் கதியில், ஆசனங்களைச் செய்துகொண்டிருப்பார்கள். காதில் விழுவது மூச்சின் ஓசை மட்டுமே. ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ் இடையிடையே நடந்துவந்து, ஒருவரின் தோளை அழுத்துவார், மற்றொருவரின் முதுகைத் தாங்குவார். மணி ஏழாகும்போது, முதலில் வந்தவர்கள் குளித்து, தேநீர் அருந்தித் தத்தம் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

இத்தகைய கூடங்கள் இன்று உலகின் பெருநகரங்கள் எல்லாவற்றிலும் உண்டு. நமது நகரங்களிலும் மாடிக் கூடங்களில் காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் விளக்கு எரிவதைப் பார்க்கிறோம். அங்கே போகின்றவர்களிடம் கேட்டால், ஐயாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த ஒன்றைச் செய்வதாகவே பெரும்பாலானோர் சொல்வார்கள். யோகம் பழமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வகுப்புக்கு, அதாவது அயலவர் பலர் ஒரு கூடத்தில் ஒன்றுகூடிப் பாய் விரித்து, நின்றும் வளைந்தும் ஆசனம் செய்து, பின்னர் வேலைக்குப் போகும் அந்த வழக்கத்துக்கு, வயது என்ன? இன்றைய உரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் நூல்களைத் திறந்து பார்ப்போம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இருநூறுக்குச் சற்றுக் குறைந்த சூத்திரங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஆசனத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை மூன்றே மூன்று. இருக்கை அசைவற்றதாகவும் சுகமானதாகவும் இருக்கவேண்டும் என்பதே அவற்றின் சாரம். எந்த இருக்கை என்று அவர் பெயர் குறிப்பிடவில்லை.

நமது திருமூலர் இதில் ஒருபடி முன்னே செல்கிறார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கிறது. பத்மம், பத்திரம், கோமுகம், சிங்கம், வீரம், சுகம் என்று ஆசனங்களின் பெயர்களும் அங்கே வருகின்றன. பயிற்சிக்குரிய வேளையையும் அவர் சொல்லத் தவறவில்லை. மாலைப் பயிற்சி கபத்தையும், மதியப் பயிற்சி வாதத்தையும், விடியற்காலைப் பயிற்சி பித்தத்தையும் போக்கும் என்பது அவரது வாக்கு. ஆகவே விடியற்காலை என்ற வேளை புதியதன்று. ஆயினும் திருமூலர் சொல்லும் ஆசனங்கள் உட்கார்ந்து செய்பவை. மூச்சுக்கும் தியானத்துக்கும் உடலை ஆயத்தப்படுத்துவதே அவற்றின் வேலை.

பதினைந்தாம் நூற்றாண்டளவில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை பதினைந்து ஆசனங்களை விவரிக்கிறது. நின்றுகொண்டு செய்யும் ஆசனம் அவற்றுள் ஒன்றேனும் இல்லை. சூரிய நமஸ்காரமும் இல்லை. அதைவிட முக்கியமானது, அந்நூல் யோகி பழகவேண்டிய இடத்தை வருணிக்கும் விதம். தனிமையான இடத்தில் ஒரு சிறு குடில், சாணத்தால் மெழுகிய தரை, சாளரம் கிடையாது, வாசலோ மிகச் சிறியது. கற்ற வித்தையை மறைத்து வைக்கவேண்டும், வெளியே சொன்னால் அதன் வலிமை போய்விடும் என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது.

அந்தச் சிறிய வாசலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நேயர்களே. லட்சுமிபுரத்துப் படிக்கட்டு வரிசைக்கு நாம் வந்துசேர வேண்டுமானால், அந்த வாசலை யாரோ அகலமாகத் திறந்திருக்க வேண்டும்.

அதைத் திறக்க முற்பட்டவர்களுள் ஒருவர் பம்பாயில் இருந்தார். மணி ஹரிபாய் தேசாய் என்ற இளைஞர், மல்யுத்தத்தில் நாட்டமுள்ளவர், மாதவதாசர் என்ற யோகியிடம் சீடராகிப் பின்னர் யோகேந்திரர் என்று பெயர் பெற்றார். துறவியாகும்படி குரு எதிர்பார்க்க, அவரோ இல்லறத்துக்குத் திரும்பினார். 1918ஆம் ஆண்டு இறுதியில், பம்பாயின் வெர்சோவாக் கடற்கரையில், தாதாபாய் நௌரோஜியின் இல்லத்தில், இல்லறத்தாருக்கென்றே ஒரு யோக நிலையத்தைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் சீதாதேவி, பெண்களுக்கான யோகப் பயிற்சி பற்றி 1930களிலேயே நூல் எழுதினார். அதே மாதவதாசரின் மற்றொரு சீடரான குவலயானந்தர், 1924ஆம் ஆண்டு லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி, யோகப் பயிற்சிகளை ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்கத் தொடங்கினார். இரகசிய வித்தையாக இருந்தது இவ்விருவர் கையிலும் பாடமாக மாறியது.

எனினும் இன்று நாம் காணும் வகுப்பின் உருவம் தெளிவாக வார்க்கப்பட்ட இடம் மைசூர்தான். அதன் நாயகர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

1888ஆம் ஆண்டு கன்னட நாட்டின் சித்ரதுர்க்கப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர் அவர். சமஸ்கிருத சாத்திரங்களைக் கசடறக் கற்றவர். கைலாய மலைப் பக்கத்தில் ஒரு குருவிடம் ஏழரை ஆண்டுகள் யோகம் பயின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். விடைபெறும்போது குருதட்சணையாக என்ன தரவேண்டும் என்று கேட்டாராம். திருமணம் செய், பிள்ளைகளைப் பெறு, யோகத்தைக் கற்பித்து வாழ் என்பதே குரு கேட்ட தட்சணை. அத்தனை படித்தவர், ஊர் திரும்பியபின் வயிற்றுப் பிழைப்புக்காகக் கோப்பித் தோட்டமொன்றில் மேற்பார்வையாளராக வேலை பார்க்க நேர்ந்தது. யோகத்தால் சோறு கிடைக்காத காலம் அது.

அவரைத் தேடிக் கண்டவர் மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார். 1933ஆம் ஆண்டு ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதி யோகசாலைக்கென ஒதுக்கப்பட்டது. அங்கே வந்து சேர்ந்தவர்கள் காட்டில் தவமிருந்த யோகிகள் அல்லர். அரச குடும்பத்தையும் அதைச் சார்ந்த வீடுகளையும் சேர்ந்த, துறுதுறுப்பான, எலும்பு வளைந்து கொடுக்கும் வயதுப் பையன்கள். அவர்களைக் கண்மூடி அமரச் சொல்லி எத்தனை நிமிடம் அமர்த்திவைக்க முடியும்? எனவே ஓர் ஆசனத்திலிருந்து மறு ஆசனத்துக்கு மூச்சோடு இயைந்து தாவிச் செல்லும் ஒரு முறை அங்கே உருவாயிற்று. நின்று செய்யும் ஆசனங்கள் பெருகின. 1934ஆம் ஆண்டு அவர் கன்னடத்தில் எழுதிய 'யோக மகரந்தம்' என்ற நூல் அந்த முறையின் ஆரம்ப வடிவத்தைக் காட்டுகிறது.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பது பெரியதொரு விவாதம். மைசூர் அரண்மனை நூலகத்தில் 'ஸ்ரீதத்துவநிதி' என்றொரு சித்திரச் சுவடி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் உருவான அந்தச் சுவடியில் 122 ஆசனங்கள் வண்ணத்தில் வரையப்பட்டிருக்கின்றன. கயிற்றைப் பற்றிச் செய்பவையும் அவற்றுள் உண்டு. 1996ஆம் ஆண்டு அதை நூலாக வெளியிட்ட ஆய்வாளர் நோர்மன் சோமன், மல்லர்களின் பயிற்சியும் மேனாட்டு உடற்பயிற்சியும் மைசூர் யோகத்தில் கலந்திருப்பதாக எடுத்துக்காட்டினார். 2010இல் மார்க் சிங்கிள்டன் எழுதிய நூல் இவ்வாதத்தை மேலும் விரித்தது. சூரிய நமஸ்காரமும் ஏறத்தாழ இதே காலத்தில்தான் நாடெங்கும் பரவியது. மராட்டியத்தின் ஔந்த் சமஸ்தானத்து அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி அதைத் தமது பள்ளிக்கூடங்களில் நடைமுறைப்படுத்தி, 1928ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் நூலும் எழுதினார். அப்போது பலரும் அதை உடற்பயிற்சி என்றே கருதினார்கள்.

பட்டாபி ஜோயிஸ் சொன்ன விளக்கம் வேறு. தமது ஆசிரியரின் முறை 'யோக குருந்தம்' என்ற பழைய ஓலைச்சுவடியில் அப்படியே இருந்தது என்றார் அவர். அந்தச் சுவடி எங்கே என்று கேட்டால், எறும்பு அரித்துவிட்டது என்பதே பதில். அதன் பிரதி எதுவும் இன்றுவரை ஆய்வாளர் கையில் அகப்படவில்லை.

அப்படியானால் இவையெல்லாம் போலியா என்று சிலர் மனம் வருந்தக்கூடும். வருந்தத் தேவையில்லை என்பது என் எண்ணம். கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்திய அதே 1930களில்தான் சென்னையில் சதிர் என்ற ஆடல் பரதநாட்டியம் என்ற பெயரோடு சபா மேடைக்கு வந்தது. அதிலும் பழைய அடவு இருந்தது, புதிய மேடை இருந்தது, புதிய பெயர் இருந்தது. புதிதாய்ச் சேர்ந்ததை மறைத்து, எல்லாமே ஆதிகாலத்தவை என்று சாதிக்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. ஏனெனில் அப்படிச் சாதிக்கும்போது, கதவைத் திறந்தவர்களின் உழைப்பும், அப்போது உள்ளே வந்தவர்கள் பட்ட பாடும் நம் கண்ணில் படாமற் போய்விடுகின்றன.

உள்ளே வந்தவர்களுள் ஒருவர் ரீகா நகரில் 1899ஆம் ஆண்டு பிறந்த யூஜினி பீற்றர்சன். பின்னாளில் இந்திரா தேவி என்று உலகம் அறிந்தவர். 1930களின் பிற்பகுதியில் அவர் மைசூர் வந்து, தம்மை மாணவியாக ஏற்கும்படி வேண்டினார். கிருஷ்ணமாச்சாரியார் மறுத்துவிட்டார். பெண், அதிலும் வெளிநாட்டவர் என்பது அவர் சொன்ன காரணம். மகாராஜா குறுக்கிட்டுச் சொன்னபின்பே சம்மதித்தார். உணவிலும் நேரத்திலும் மிகக் கடுமையான விதிகளை விதித்தார். அவற்றை அந்தப் பெண்மணி ஒன்றும் விடாமல் கடைப்பிடித்தார். இறுதியில், நீ போய்க் கற்பி என்று ஆசிரியரே சொல்லியனுப்பினார். சாங்காய் நகரில் கற்பித்துவிட்டு, 1947இல் அமெரிக்கா சென்ற இந்திரா தேவி, ஹொலிவூட்டில் யோக நிலையம் திறந்தார். கிரேட்டா கார்போ, குளோரியா ஸ்வான்சன் போன்ற திரை நட்சத்திரங்கள் அவரிடம் பயின்றார்கள்.

இன்னொருவர் கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார். மலேரியா, நெருப்புக்காய்ச்சல், காசநோய் என்று நோய்களின் கூடாக இருந்த சிறுவன். 1937ஆம் ஆண்டு ஆறு மாதத்துக்கெனப் பூனா நகருக்கு யோகம் கற்பிக்க அனுப்பப்பட்டவர் அங்கேயே தங்கிவிட்டார். உடல் வளையாதவர்களுக்கும் ஆசனம் கைகூட வேண்டுமென்று கயிறு, மரக்கட்டை, கதிரை ஆகியவற்றைத் துணைக்குக் கொண்டுவந்தார். வயலின் மேதை யெகூதி மெனூகின் 1952இல் அவரைச் சந்தித்தபின் மேனாட்டு வாசல்கள் திறந்தன. 1966இல் ஐயங்காரின் 'யோக தீபிகை' வெளிவந்தது. 1960களின் முடிவில் லண்டன் மாநகரின் வளர்ந்தோர் கல்வி வகுப்புகளில் யோகம் இடம்பெற்றது. சமயம் கற்பிக்கக்கூடாது, உடற்பயிற்சி மட்டுமே என்பது நிபந்தனை. ஒரு கதவு திறக்கும்போது மற்றொன்று சாத்தப்படுவதும் உண்டல்லவா?

இக்கதையில் நமது தீவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பத்தமடையில் பிறந்து, மலாயாவில் மருத்துவராகப் பணிபுரிந்து, ரிஷிகேசத்தில் துறவியான சுவாமி சிவானந்தர், 1950ஆம் ஆண்டு தமது பெரும் சுற்றுப்பயணத்தின்போது இலங்கைக்கும் வந்தார். மூன்றாண்டுகள் கழித்து, கோயம்புத்தூர் செட்டிபாளையத்தைச் சேர்ந்த தமது சீடர் சுவாமி சச்சிதானந்தரை இங்கே அனுப்பிவைத்தார். திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் அவர் பத்தாண்டுகளுக்கு மேல் தங்கி ஆசனமும் தியானமும் கற்பித்தார். இங்கிருந்தபடிதான் 1966ஆம் ஆண்டு நண்பர்களின் அழைப்பை ஏற்று ஐரோப்பா வழியாக நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். சில நாள் தங்குவதற்கென்று போனவர். 1969 ஓகஸ்ட் 15ஆம் திகதி, வூட்ஸ்ரொக் இசைவிழாவின் முதல் நாளன்று, பல இலட்சம் இளைஞர்கள் முன்னிலையில் மேடையில் அமர்ந்து, ஒலியின் ஆற்றலைப் பற்றி அமைதியாகப் பேசிய காவியுடைத் துறவி அவர்தான். அதன்பின் நியூயோர்க்கில் அவர் நிறுவிய நிலையத்தில், வேலைக்குப் போகும் சாதாரண மனிதர் வந்து பாய் விரித்தார்கள். மேனாட்டு யோக வரலாற்றை எழுதுவோர் நியூயோர்க்கையும் வூட்ஸ்ரொக்கையும் விரிவாக எழுதுகிறார்கள். அதற்கு முந்திய திருகோணமலையும் கண்டியும் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. அந்த வரியை விரித்தெழுத வேண்டியவர்கள் நாம்தான்.

திறந்த கதவினால் நன்மை மட்டுமே வந்தது என்று சொல்வது வரலாறாகாது. யோகம் பெருவணிகமாயிற்று. 2014ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை யூன் 21ஆம் நாளைச் சர்வதேச யோகா தினமாகப் பிரகடனம் செய்தபின் அரசுகளின் விழாவுமாயிற்று. இவற்றைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. 2009இல் பட்டாபி ஜோயிஸ் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர், அவரிடம் பயின்ற பெண்கள் பலர், ஆசனத்தைத் திருத்துகிறேன் என்ற பெயரில் அவர் தகாத முறையில் தம்மைத் தொட்டதாகப் பகிரங்கமாகச் சொன்னார்கள். 2019ஆம் ஆண்டு அவருடைய பேரரே, அத்தகைய செயல்களைத் தாமும் கண்டதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார். அந்த மாணவிகள் அத்தனை காலம் மௌனமாக இருந்தது ஏன்? குருவைக் கேள்வி கேட்கலாகாது, இது காலங்காலமாக வந்த புனித மரபு என்ற எண்ணம் அவர்களின் வாயை அடைத்திருந்தது. பழமை என்ற சொல் எவ்வளவு பாரமானது என்பதை இதிலிருந்து உணரலாம். வகுப்பின் வயதைச் சரியாகச் சொல்லவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். மனிதர் நேற்று உண்டாக்கிய ஒன்றை மனிதர் இன்று திருத்தலாம்.

திருத்தியும் இருக்கிறார் ஒருவர். அவர் கிருஷ்ணமாச்சாரியாரேதான்.

மகாராஜா 1940இல் காலமானார். நாடு சுதந்திரம் அடைந்தபின் அரண்மனையின் ஆதரவு சுருங்கி, 1950ஆம் ஆண்டு யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைக் கடந்துவிட்ட ஆசிரியர் மீண்டும் பிழைப்பைத் தேடவேண்டிய நிலை. பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு வழக்கறிஞருக்குச் சிகிச்சை அளிப்பதற்காக 1952இல் சென்னைக்கு வந்து, அங்கேயே குடியேறினார். இப்போது அவர் முன் நின்றவர்கள் தாவிக் குதிக்கும் அரச குமாரர்கள் அல்லர். நோயாளிகள், முதியவர்கள், கருவுற்ற பெண்கள். கூட்டாகக் கற்பிப்பதை அவர் பெரும்பாலும் கைவிட்டார். ஒவ்வொருவராக வரவழைத்து, நாடி பார்த்து, வயது, தொழில், நோய் ஆகியவற்றை விசாரித்து, அவரவருக்கென்று ஒரு பயிற்சியை வகுத்துக் கொடுத்தார். யோகத்துக்கு ஏற்ப ஆளை வளைக்காமல், ஆளுக்கு ஏற்ப யோகத்தை அமைக்க வேண்டும் என்பது அவர் பிற்காலத்தில் கண்ட முடிபு.

1960களின் தொடக்கத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவருடைய மகன் தேசிகாச்சார் பலமுறை சொல்லியிருக்கிறார். பொறியியல் படித்து முடித்து, வேலைக்குப் போகவிருந்த இளைஞர் அவர். ஒருநாள் வீட்டுவாசலில் வந்து நின்ற காரிலிருந்து வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் இறங்கி ஓடிவந்து, நாமம் தரித்த தம் தந்தையைக் கட்டியணைத்து நன்றி சொன்னதைக் கண்டு திகைத்துப் போனார். ஆசாரமே உருவான தந்தை அதைத் தடுக்கவில்லை. என்னவென்று விசாரித்தபோது, பல ஆண்டுகளாகத் தூக்கமின்றித் தவித்த அந்த அம்மையார், முந்தைய இரவில்தான் மாத்திரையின்றி உறங்கினாராம். தேசிகாச்சார் பொறியியலைத் துறந்து தந்தையிடம் மாணவரானார். 1976இல் தந்தையின் பெயரால் சென்னையில் யோக மந்திரத்தையும் நிறுவினார்.

பெண் என்றும் அந்நியர் என்றும் ஒருத்தியை வாசலிலேயே மறுத்தவர், கால் நூற்றாண்டின் பின் அத்தகைய ஒருத்தியின் நன்றியைத் தம் வீட்டு வாசலிலேயே ஏற்றார். நூறு ஆண்டு வாழ்ந்து 1989ஆம் ஆண்டு மறைந்த அந்த மனிதரின் பயணத்தில், என்னை மிகவும் ஈர்க்கும் தூரம் இந்த இரண்டு வாசல்களுக்கும் இடையே உள்ளதுதான்.

ஆகவே நேயர்களே, நாளை விடியற்காலை உங்கள் அயலில் ஒரு மாடிக் கூடத்தில் விளக்கு எரிவதைக் கண்டால், அங்கே நடப்பது ஐயாயிரம் ஆண்டுப் பழமையானதா என்று கேட்டு நேரத்தைப் போக்க வேண்டாம். மூச்சைக் கவனி என்ற அறிவுரை மிகப் பழையது. கூடமும் பாயும் நேரசூசியும் நமது பாட்டனார் காலத்தவை. ஆசிரியர் ஒவ்வொரு பாயின் அருகிலும் நின்று, இந்த உடம்புக்கு இன்று எது பொருந்தும் என்று கேட்கிறாரா, போதும் என்று மாணவர் சொன்னால் கையை எடுக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். அப்படியானால் தயங்காமல் உள்ளே போகலாம். வயிறு வெறுமையாய் இருக்கட்டும், வேலைக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது.